மழை பெய்ததும் மூடிய கஞ்சித்தொட்டி

உங்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர்கள் என்னை அழைத்தபோது, நன்றாக நடந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். நன்றாக நடந்தவையெல்லாம் எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. நடக்காமல் போன ஒன்று மட்டும் ஊர், ஆள், பேசிய பேச்சு என்று அப்படியே நிற்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்குவது இனிமேல் உங்கள் கை வழியாகத்தான் போகும். ஆகவே இதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். ஊராட்சி ஒன்றியத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வேலைகளைப் பார்க்கிற கடைசிப் படி உத்தியோகம். பிறந்து வளர்ந்தது மதுரைச் சிம்மக்கல்லில். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எடுக்குமே, அதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த பசி. வேலை போட்டது திருமங்கலத்துக்கு மேற்கே, பஸ்ஸைவிட்டு இறங்கி உள்ளே நடந்து போகிற கரிசல் ஊர்களில். அதில் ஓர் ஊரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். அந்த வீட்டு மனிதர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அடுத்தடுத்து மழை பொய்த்திருந்த நேரம். கிணறுகளில் அடிமண் தெரிந்தது. ஆண்கள் பலர் கம்பம் பக்கமும் மலையாளத்துப் பக்கமும் வேலை தேடிப் போயிருந்தார்கள். அரசாங்கம் வறட்சி நிவாரணமாக ஊருக்கு ஊர் கஞ்சித்தொட்டி திறந்தது. எங்கள் ஊரில் நாடக மேடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, குருணையும் கம்பும் காய்ச்சி ஊற்றினோம். பெரியவர்களுக்கும் உண்டு, பிள்ளைகளுக்கும் உண்டு.

முதல் சில நாள் பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்காக வந்து உட்கார்ந்தார்கள். சத்தமில்லை, சண்டையில்லை. நல்லபடியாக வளர்ந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். சில வாரம் போனதும் தள்ளிக்கொண்டும் கத்திக்கொண்டும் வர ஆரம்பித்தார்கள். முன்பு அவர்களுக்குக் கத்தத் தெம்பில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கஞ்சி காய்ச்சியவள் முத்துப்பேச்சி. களைவெட்டு, பருத்தி எடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். புருஷன் மலையாளத்துக்குப் போனவன், தகவலே இல்லை. மூத்தவள் பவுனு, ஒன்பது பத்து வயதிருக்கும். அவள் இடுப்பில் எப்போதும் தம்பி தவசி இருப்பான். இரண்டு வயதாகியும் அவன் நடக்கவில்லை. தம்பிக்கு ஊட்டி முடித்த பிறகுதான் அவள் தன் தட்டைத் தொடுவாள். நான் ஒரு முறை, "நீ முதல்ல குடி, அவனுக்கு நான் ஊட்டுறேன்" என்றேன். "ஒங்ககிட்ட வாங்க மாட்டான் சேவிகாம்மா. அவனுக்கு நாந்தேன் ஆத்தா" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஐப்பசியில் மழை பெய்தது. நல்ல மழை. ஊரே தெருவுக்கு வந்து நனைந்தது, நானும் நனைந்தேன். மண் இளகியதும் கடனோ உடனோ வாங்கி விதை போட்டார்கள். வெளியே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. அந்தப் பச்சை தெரிந்த கொஞ்ச நாளிலேயே உத்தரவு வந்துவிட்டது. பருவமழை திருப்திகரமாக இருப்பதால் நிவாரண வேலைகளும் கஞ்சித்தொட்டிகளும் மூடப்படுகின்றன என்று.

உத்தரவை நான்தான் போய்ச் சொன்னேன். முத்துப்பேச்சி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மழ பேஞ்சா பயிருக்கு ஆச்சு. பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு தாயி? சோளம் வீட்டுக்கு வாரதுக்குத் தை பெறக்கணும். அதுவரைக்கும் அந்தப் பச்சைய மேயச் சொல்றீகளா?"

அவள் சொன்னது எளிய விஷயம். வறட்சியில் அவர்களிடம் இருந்த கொஞ்ச நஞ்சமும் தீர்ந்திருந்தது. விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் இருக்கிற மாதங்கள்தான் அந்த வருஷத்திலேயே கொடியவை. வெளியூரிலிருந்து ஜீப்பில் வந்து பார்க்கிறவருக்குப் பயிர் தெரியும், பானைக்குள் இருப்பது தெரியாது. அறிக்கை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஜீப்பில்தான் வந்தார்கள்.

நான் எங்கள் ஒன்றிய ஆணையாளரிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். முழுதாகக் கேட்டார்.

"பெரியவங்களுக்கு நிறுத்திக்கலாம் சார். பிள்ளைகளுக்கு மட்டும் தை வரைக்கும் ஊத்தணும்" என்றேன்.

"வறட்சின்னு ஒதுக்கின பணம்மா. வறட்சி முடிஞ்சதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நீங்களும் நானும் முடியலைன்னு சொன்னா எடுபடாது. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டு, ஊர்ல இன்னும் கஷ்டம் இருக்குன்னு தீர்மானம் கொடுக்கட்டும். அதை வச்சு நான் எழுதுறேன்."

அன்று மாலையே தலைவர் வீட்டுக்குப் போனேன். ஊரில் கிணற்றுப் பாசனமும் கரிசலும் சேர்த்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கஞ்சித்தொட்டி திறந்தபோது தன் வீட்டு அண்டாவைக் கொடுத்தவர். காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு உட்கார வைத்தார்.

"அம்புட்டுப் பேருக்கும் கஞ்சி ஊத்துனா எவ களைக்கு வருவா, சொல்லுங்க. போன வாரம் கூப்பிட்டா, கூலியக் கூட்டுனாத்தேன் வருவோம்னு நிக்கிறாளுக."

"பிள்ளைகளுக்கு மட்டும்தாங்க கேக்குறேன். பிள்ளை கஞ்சி குடிச்சு ஓரிடத்துல இருந்தா, கைப்பிள்ளை இல்லாம அவங்க முழு நாளும் வேலை பார்க்கலாமே. உங்களுக்கும் நல்லதுதான."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி, கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு. போன வருசக் கூலிக்கு யார் களைக்கு வாராளோ, அவ பிள்ளைக்குத்தேன் கஞ்சி. இத நீங்களே அவளுககிட்டச் சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேப்பாளுக."

நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. ஒத்துக்கொண்டால் மறுநாளே அடுப்பு எரியும், பிள்ளைகள் குடிப்பார்கள். ஆனால் அரசாங்கம் ஊற்றுகிற கஞ்சி, அந்தப் பெண்களின் கூலியைப் பிடித்து வைக்கிற கயிறாக மாறிவிடும். மறுத்தால் கஞ்சியே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் தவசியின் கால்கள்தான் கண்ணில் நின்றன. குச்சி மாதிரி, பவுனுவின் இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் கால்கள்.

மறுநாள் பெண்களைக் கூட்டி, தலைவர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் கூலியைப் பேசி முடிக்க எனக்கு மனமில்லை. வயதான ஒருத்தி, "ஒத்துக்கிருவோம்டி. பிள்ளைக குடிக்கட்டும், நம்ம கூலி எங்க போகப் போகுது" என்றாள். சிலர் தலையாட்டினார்கள். முத்துப்பேச்சி மட்டும் என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

"இன்னைக்குக் கஞ்சிக்காக ஒத்துக்கிட்டா, தையில கஞ்சிய நிப்பாட்டிருவீக. கூலி மட்டும் அப்படியே நிக்கும். அப்ப எதை வச்சுக் கஞ்சி காச்சுறது? நீங்க என்ன தாயி சொல்றீக?"

"முடிவு உங்களோடதுதான்" என்றேன்.

"எங்க முடிவா!" என்றாள். வெகுநேரம் பேசிவிட்டு, ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லாருமாகச் சொன்னார்கள். நான் போய்த் தலைவரிடம், "கஞ்சி அரசாங்கத்துது. கூலி நீங்களும் அவங்களும் பேச வேண்டியது. இரண்டையும் என்னால முடிச்சுப் போட முடியாதுங்க" என்றேன். அவரும் கோபப்படாமல், "அப்பக் கையெழுத்தும் முடியாதுங்க" என்றார். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி வைத்து ஆள் கூட்டி வந்து களையெடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் வரப்போரம் நின்று பார்த்தார்கள்.

நான் செய்தது சரியென்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சரியாக முடிவெடுத்தால் நல்லது நடந்துவிடும் என்று மட்டும் யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆணையாளர் என்னைத் திட்டவில்லை. தலைவர் கையெழுத்து இல்லாமல், தன் பொறுப்பில் எழுதுவதாகச் சொன்னார். அதற்காக அவர் பின்னால் விளக்கம் எழுத வேண்டி வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் எழுதிக்கொண்டு போன வரைவைப் படித்துவிட்டு ஒன்று சொன்னார். என் உத்தியோகத்தில் அதைவிட உபயோகமான ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"பசி, பட்டினின்னு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. இதே மாதிரி எல்லா ஒன்றியத்திலிருந்தும் அவங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கும்மா. எதுவரைக்கும் வேணும்னு எழுதுங்க. ஏன் அதுவரைக்கும்னு எழுதுங்க. பணம் கொடுக்கிறவனுக்கு ஒரு முடிவு தெரியணும். முடிவை நாம எழுதலைன்னா, அவங்க மழையைப் பார்த்து எழுதிடுறாங்க."

அப்படியே திருத்தி எழுதினோம். புதுத் தானியம் வீட்டுக்கு வரும் வரைக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், பள்ளிக்கூடம் போகாததால் மதிய உணவு கிடைக்காத பெரிய பிள்ளைகளுக்கும் என்று. நானே மதுரைக்குக் கொண்டு போனேன். மாவட்ட அலுவலகத்தில் வாங்கிக்கொண்டவர் நல்லவர். படித்துவிட்டு, "நியாயமாத்தான் இருக்கு. ஆனா இது எங்க கையில இல்லம்மா, மெட்ராஸ் போகணும்" என்றார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

திரும்பி வரும்போது திருமங்கலத்தில் பஸ் மாற வேண்டும். அங்கேதான் அவர்களைப் பார்த்தேன்.

மதுரைக்குப் போகும் பஸ் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் நின்றார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தது. பவுனு புதுப்பாவாடை கட்டியிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் அவர்களுக்குப் பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, தவசியை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி. அவன் தாயின் இடுப்பில் இருப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அந்த ஆளிடம் போய், பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகிறாய் என்று கேட்டேன்.

"வடக்க, பம்பாய்ப் பக்கம்ங்க. நம்மூர்க்காரக முறுக்கு, சேவு போடுற பட்டறை வச்சிருக்காக. எடுபிடி வேலை. பெத்தவக வந்திருக்காக, கேட்டுக்கங்க."

அங்கே நின்ற போலீஸ்காரரைக் கூட்டி வந்தேன். அவர் முத்துப்பேச்சியைப் பார்த்து, "நீயாத்தான அனுப்புற?" என்றார். அவள் தலையசைத்தாள். "ஆத்தாளே அனுப்பும்போது நான் என்னம்மா செய்ய?" என்று அவர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

"முத்துப்பேச்சி, நான் மதுரைக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டு இப்பத்தான் வாரேன். கொஞ்சம் பொறு. கஞ்சி வந்துரும்" என்றேன்.

"எப்ப வரும்?"

மெட்ராஸிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றேன்.

"நான் வித்துட்டேன்னு நெனைக்கிறீகளா? ஒத்தப் பைசா கையில வாங்கல. அங்க மூணு வேளையும் சோறுங்கிறாரு. இங்க இவ திங்கிறது தவசிக்கு ஆகும்ல. நீங்க எத்தன வேள போடுவீகன்னு சொல்லுங்க தாயி, இப்பவே கூட்டிட்டுத் திரும்பிர்றேன்."

எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னேன். "பவுனுவை என்கூட அனுப்பு. எங்க வீட்ல இருக்கட்டும். பள்ளிக்கூடத்துல சேர்க்கிறேன்."

முத்துப்பேச்சி பஸ்ஸடியில் நின்ற மற்றப் பிள்ளைகளைக் கையால் காட்டினாள். "இவ ஒருத்தியையா? அந்தா நிக்கிறாகளே, அவுக? ஒங்க வீட்ல எம்புட்டுப் பேரு இருக்கலாம்?"

கண்டக்டர் விசில் ஊதினார். அந்த ஆள் பிள்ளைகளை ஏற்றினான். பவுனு படியில் நின்று தம்பியைப் பார்த்து ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. தவசி அவளை நோக்கிக் கையை நீட்டி அழ ஆரம்பித்தான். பஸ் போன பிறகும் நிறுத்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர்ப் பக்கம் திரும்பினோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். இறங்கும்வரை அவள் திரும்பவில்லை.

மார்கழியில் தவசிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உடம்பில் தாங்குவதற்கு ஏதும் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக நான் வண்டி பிடித்துக்கொண்டு வந்தபோது, வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

எங்கள் உத்தரவு மாசியில் வந்தது. நாங்கள் கேட்டது ஒன்று விடாமல் அனுமதித்திருந்தார்கள். வயது, காலம், காரணம், எல்லாம் நாங்கள் எழுதியபடியே. அப்போது களத்தில் சோளம் கிடந்தது. நான் அந்தக் காகிதத்தை ஆணையாளர் மேசையில் வைத்து, "திருப்பி அனுப்பிடுங்க சார்" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கூடாதும்மா. இப்பத் திருப்பினா, வேண்டாம்னு சொன்ன ஒன்றியம்னு நம்ம பேரை எழுதி வச்சுருவாங்க. அடுத்த வறட்சிக்குக் கேட்டா அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. போய் அடுப்பைப் பத்த வைங்க."

பற்றவைத்தோம். காய்ச்ச யார் வருவார்கள் என்று நான் தயங்கினேன். முத்துப்பேச்சியே வந்தாள். அண்டாவைக் கழுவினாள், காய்ச்சினாள், வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றினாள். எல்லாம் முடிந்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் அப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி மழை பொய்த்தது. அப்போது நான் ஒரு படி மேலே போயிருந்தேன். எங்கள் ஒன்றியத்துக்கான பரிந்துரையை நானே எழுதினேன். மழை வந்தாலும் பிள்ளைகளுக்கு நிறுத்தக் கூடாது, புதுத் தானியம் வீடு வந்து சேர வேண்டும் என்று முதல் பத்தியிலேயே வைத்தேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்குப் பிறகு கொஞ்சக் காலம் என்று குறைத்தார்கள். அந்தக் கொஞ்சத்தில் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிழைத்த பிள்ளை யாருடைய அறிக்கையிலும் வருவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிகளிலும் குழந்தைகள் மையங்களிலும் சத்துணவுத் திட்டம் வந்தது. அதைப் பற்றி ஆயிரம் குறை கேட்டிருப்பீர்கள். புழுத்த அரிசி, ஒழுகுகிற கூரை, எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான். வானத்தைப் பார்த்து மூடாத அடுப்பு அது. வருஷா வருஷம் ஒதுக்கீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்ட அடுப்பு. அந்த இடத்தை அதனிடமிருந்து யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் முதல் வேலை. மற்றவையெல்லாம் அப்புறம்.

அந்த ஊர் மையத்தைப் பார்வையிடப் போன ஒரு நாள், வாசலில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள். அங்கே சமைத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி உள்ளேயிருந்து வந்து, "பவுனு" என்றாள்.

கல்யாணம் பேசுவதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் தமிழில் நடுநடுவே இந்தி கலந்தது. பட்டறையில் மூன்று வேளையும் சோறு போட்டார்களா என்று கேட்டேன். போட்டார்கள் என்றாள். வேறு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. முத்துப்பேச்சி உள்ளே போன பிறகு அவளே பேசினாள்.

"அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல அந்தாளுகிட்டக் கேட்டீக. போலீஸ்காரர்ட்டக் கேட்டீக. ஆத்தாகிட்ட அம்புட்டு நேரம் பேசுனீக. நான் அங்கனதான நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே சேவிகாம்மா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவள் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"போறேன்னுதேன் சொல்லியிருப்பேன். தம்பி இருப்பான்னு நெனச்சேன்ல."